வாயில் ஊசி, பின்பக்கம் ரேகை

வாடி நிற்கிற தக்காளிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் சில சமயம் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருக்கும். உளுந்து, கடலை வேரில் இருக்கும் நல்ல முடிச்சு இதுவல்ல. அது வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். இங்கே வேரே வீங்கியிருக்கிறது, எங்கே உதிர்வது? உள்ளே குடியிருப்பது மெலாய்டோகைன் என்கிற வேர்முடிச்சு நூற்புழு.

முட்டையிலிருந்து வரும் இளம்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டருக்குள்தான். இதயம் கிடையாது, மூச்சுவிட தனி உறுப்பும் கிடையாது. தசைகூட நீளவாக்கில் மட்டும்தான், அதனால் மண்புழு மாதிரி சுருங்கி விரியாமல் பாம்பு மாதிரி நெளிந்து போகும். ஆனால் வாயில் துளையுள்ள ஒரு ஊசி, கொஞ்சம் பின்னால் பம்பு மாதிரி ஒரு தசைக் குமிழ், அதையடுத்து 3 சுரப்பிகள். வேருக்குள் போய், சாறு ஓடும் குழாய்கள் பக்கத்தில் சில செல்களைக் குத்தி சுரப்பை இறக்கியதும் நடப்பதுதான் விசேஷம்: அந்த செல்கள் சாவதில்லை, உட்கரு மட்டும் திரும்பத் திரும்பப் பிரிய, செல் பிரியாமல் ஊதி ராட்சத செல்லாகிறது. அப்புறம் புழு நகர்வதே இல்லை, பெண் புழு உட்கார்ந்த இடத்திலேயே உறிஞ்சிக் குடித்துப் பேரிக்காய் மாதிரி பருத்து, பசை போன்ற பொதியில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

எல்லா நூற்புழுவும் இப்படிக் குடியேறுவதில்லை. வாழை வேரைக் குடையும் ராடோபோலஸ் உள்ளே போனாலும் தின்றுகொண்டே நகரும். 1961இல் நீலகிரி உருளைக்கிழங்கில் கண்டுபிடித்த முட்டைக்கூடு நூற்புழுவும் ஓரிடவாசிதான், ஆனால் பெண் செத்த பிறகு அதன் தோலே இறுகிக் கூடாகி முட்டைகளைப் பல வருஷம் காக்கும். சிஃபினிமா என்கிற நூற்புழு மண்ணில் இருந்தபடியே நீண்ட ஊசியை மட்டும் வேருக்குள் விடும், திராட்சைக்கு வைரஸையும் ஏற்றிவிடும். இதற்கும் வேர்முடிச்சுப் புழுவுக்கும் உறவு ரொம்ப தூரம்; ஊசி இரண்டு வம்சத்திலும் தனித்தனியாக உருவானது.

சரி, மெலாய்டோகைனுக்குள் எந்த இனம் என்று எப்படிச் சொல்வது? இளம்புழுக்கள் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி. 1949இல் நூற்புழு ஆய்வாளர் சிட்வுட் பிரபலமாக்கிய வழி, பெண் புழுவின் பின்பக்கத் தோலை வெட்டி நுண்ணோக்கியில் வைத்து, கைரேகை மாதிரி இருக்கும் கோடுகளைப் படிப்பது. கோடுகள் மேலே உயரமான வளைவாக எழும்பியிருந்தால் பெரும்பாலும் இன்காக்னிடா, இரண்டு பக்கமும் கோடு கிழித்தாற்போல் பிரிந்திருந்தால் ஜவானிகா.