ஸ்லாப்ஸ்டிக்: வலிக்காத அடிக்குத் தமிழில் என்ன பெயர்?

ஸ்லாப்ஸ்டிக் என்பது முதலில் ஒரு கருவி. இரண்டு மெல்லிய மரப்பட்டைகளை ஒரு முனையில் கைப்பிடியாகச் சேர்த்துக் கட்டி, மறுமுனையில் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள். அதைக் கொண்டு ஒருவர் முதுகில் லேசாகத் தட்டினாலே போதும், பட்டைகள் மோதிப் 'பளார்' என்று சத்தம் எழும். வாங்கியவருக்கு வலி பெரிதாக இருக்காது. பார்க்கிறவர்களுக்கோ செம அடி விழுந்த மாதிரி இருக்கும்.

16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வளர்ந்த 'கொமெதியா தெல்லார்த்தே' முகமூடி நாடகங்களில், ஆர்லெக்கினோ என்ற வேலைக்காரக் கோமாளியின் கையில் இது இருக்கும். இங்கிலாந்தின் பஞ்ச் பொம்மலாட்டத்திலும் இதே தடிதான். ஆங்கிலத்தில் கருவிக்கு வைத்த பெயர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அடிவாங்கியும் தடுக்கி விழுந்தும் சிரிக்கவைக்கும் நகைச்சுவை வகைக்கே பெயராகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சத்தத்தால் பெயர் பெற்ற இந்தக் கலை கொடிகட்டிப் பறந்தது ஊமைப்படங்களில். 'பளார்' கேட்காத இடத்தில் அடியைக் கண்ணுக்குக் காட்டியாக வேண்டும்; அந்த வேலை முழுக்க உடம்பின் தலையில் விழுந்தது. 1895இல் லூமியேர் சகோதரர்கள் திரையிட்ட ஒரு குட்டிப் படத்திலேயே இது தொடங்கிவிட்டது. தோட்டக்காரர் தண்ணீர் பாய்ச்சும் குழாயை ஒரு பையன் மிதிக்கிறான். தண்ணீர் நின்றதும் அவர் குழாய் வாயை உற்றுப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான். அவ்வளவுதான் கதை!

1912இல் அமெரிக்காவில் மாக் சென்னட் தொடங்கிய கீஸ்டோன் பட நிறுவனம் இதை ஒரு தொழிலாகவே ஆக்கியது. அதன் தடுமாறும் போலீஸ் கூட்டம் திருடனைப் பிடித்ததைவிட ஒருவர்மேல் ஒருவர் விழுந்ததே அதிகம். 1914இல் அங்கேதான் சாப்ளினின் நாடோடி வந்தான்: இறுக்கமான கோட்டு, தொளதொள கால்சட்டை, காலுக்குப் பெரிய பூட்ஸ்.

இன்னொரு ஊமைப்பட நகைச்சுவை நடிகரான பஸ்டர் கீட்டன் வேறு ரகம். சின்ன வயதில் பெற்றோரின் மேடை நிகழ்ச்சியில் அவரைத் தூக்கி எறிவதுதான் காட்சி. பிடித்து வீச வசதியாகச் சட்டையில் ஒரு பெட்டிக் கைப்பிடியையே தைத்திருந்தார்களாம். அதே காலத்து நகைச்சுவை நடிகர் ஹெரால்டு லாயிடுக்கு 1919இல் ஒரு விபத்து. போலி என்று நம்பிக் கையில் பிடித்த குண்டு வெடித்து, வலது கையில் இரண்டு விரல்கள் போயின. 1923இல் வந்த படத்தில் அவர் கட்டடத்துக் கடிகாரத்தைப் பிடித்துத் தொங்கியது அந்தக் கையோடுதான். வலிக்காத அடி என்பதெல்லாம் பார்வையாளருக்கு மட்டும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'அடிதடி நகைச்சுவை' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அடிதடி என்றால் காவல் நிலையத்தில் வழக்குப் பதியும் சங்கதி. அதில் நிஜமாகவே ரத்தம் வரும். ஸ்லாப்ஸ்டிக்கின் உயிரே அந்த அடி பொய் என்பதில்தான் இருக்கிறது.

கருவிக்கு 'அறைகோல்' அருமையாகப் பொருந்தும். எழுதுகோல், ஊதுகோல் போல வினைத்தொகை. கன்னத்தில் அறைவதும் அறைதான், பறை அறைவதும் அறைதான். ஆக, அடியும் ஓசையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆனால் 'அறைகோல் நகைச்சுவை' என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

கலைக்கு என் தேர்வு 'கோணங்கி நகைச்சுவை'. கோணுதல் என்றால் வளைதல். கோணங்கித்தனம் என்றால் யாரும் அகராதியைத் தேட வேண்டியதில்லை. நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் சொல்லும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் (வெகுளித்தனம்) நான்கில் பின்னிரண்டும் கோணங்கியின் சொந்தச் சொத்து.

ஒரே ஒரு சங்கடம் கீட்டன்தான். படத்தில் வீட்டின் முகப்பே பெயர்ந்து மேலே விழும்போதும் முகத்தில் ஒரு சுளிப்பைக் காட்டாதவரைக் கோணங்கி என்று எப்படி அழைப்பது? அப்புறம் அவர் ஓடுகிற ஓட்டத்தையும் விழுகிற விழுகையையும் ஒருமுறை பார்த்தேன். கழுத்துக்குக் கீழே சுத்தக் கோணங்கி.