காது நார்மல், பேச்சு மட்டும் புரியவில்லை: மாற்றுத்திறனாளி சான்றிதழை எந்தப் பிரிவில் கேட்பது?

பக்கவாதத்திலிருந்து தேறிய சிலருக்கு எதிரில் இருப்பவர் பேசும் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. சில பிள்ளைகளுக்கு வகுப்பு இரைச்சலில் டீச்சர் சொல்வது குழம்பிவிடும். பழுது காதில் இல்லை, ஒலியைப் பிரித்தறியும் மூளையில். சென்னையில் ஈ.என்.டி.க்கும் நியூரோ ஓ.பி.க்கும் இடையே அலைபவர்களில் இவர்களும் உண்டு.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி செவித்திறன் குறைபாடு என்றால் இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். இவர்களுடைய ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை அறிக்கை) நார்மலாகவே வரும். அந்தப் பிரிவில் விண்ணப்பித்தால் நிராகரிப்புதான். ஒரு முகாமில் பார்த்தேன்: ஃபைலில் மேலே இருந்த ஆடியோகிராமைப் பார்த்து 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடியில் இருந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை யாரும் புரட்டவே இல்லை.

பெரா டெஸ்ட் (ஒலிக்குக் காது நரம்பு காட்டும் மின் அலையைப் பார்க்கும் சோதனை) நார்மல் என்றாலும் விட்டுவிடாதீர்கள். அது மூளைத்தண்டு வரைதான் பார்க்கும், அதற்கு மேலே உள்ள பாதிப்பைக் காட்டாது.

பக்கவாதம், தலைக்காயத்தால் மொழியே புரியாமல் போனவர்கள் கேட்க வேண்டியது 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' பிரிவு. நரம்பியல் காரணத்தால் வரும் அஃபேசியாவை (மூளை பாதிப்பால் மொழியைப் புரிந்துகொள்ளவோ பேசவோ முடியாமல் போவது) சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது இ-சேவை மையத்தில் 'காது கேட்கவில்லை' என்று மட்டும் சொன்னால் தவறான பிரிவைத் தட்டிவிடுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைலில் முதலில் ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதிய அஃபேசியா மதிப்பீடு, அடுத்து டிஸ்சார்ஜ் சம்மரி, எம்.ஆர்.ஐ. நிரந்தரக் குறைபாடு என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று படித்துப் பாருங்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் 'பிறகு வாங்க' என்பார்கள்.

பிள்ளைகள் விஷயம்தான் வேதனை. மூளை ஒலியைப் பகுத்தறிவதில் வரும் குறைபாடு, சட்டத்தின் 21 வகைகளில் பெயர் சொல்லி இல்லை. படிப்பதிலோ எழுதுவதிலோ சிரமம் சோதனையில் தெரிந்தால் கற்றல் குறைபாடு பிரிவு பொருந்தலாம். 'நான் வாங்கித் தர்றேன்' என்று வரும் தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் 'குறைபாடு 40 சதவீதம் இல்லையே' என்று பள்ளி கையை விரிக்க முடியாது. 40 சதவீதக் குறைபாடு என்பது இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கான அளவு. முன்வரிசை இடம், பாடக்குறிப்பை எழுத்தில் தருவது போன்றவை சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி பள்ளி செய்ய வேண்டிய ஏற்பாடுகள். தேர்வெழுத உதவியாளர் கேட்ட வழக்கிலும் 40 சதவீதத்தைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையையும் செய்யச் சொல்லி ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) அறிக்கை வாங்குங்கள். அதை இணைத்துத் தலைமையாசிரியருக்கு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். பொதுத்தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும், கல்வியாண்டு தொடக்கத்திலேயே கேளுங்கள்.

சான்றிதழ் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய அந்தத் தாள் வேண்டும், வாய்வார்த்தை செல்லாது.