ஃபீடைக் கூட்டும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை, அதாவது மற்ற கம்பெனிகளின் பீஸ்களைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் இடம். இரண்டு சி.என்.சி. டர்னிங் மிஷின் (ப்ரோக்ராமில் ஓடும் லேத்), ஒரு வி.எம்.சி. (ப்ரோக்ராமில் ஓடும் மில்லிங் மிஷின்). "டெலிவரி தள்ளிக்கிட்டே போகுதுண்ணே. இன்னொரு மிஷின் போட்டுரலாமா?" என்று கேட்கத்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டிருந்தார். ஆபரேட்டர் தம்பி மெதுவாக வேலை பார்ப்பதாகவும் அவருக்கு ஒரு குறை. உள்ளே போய்ப் பார்த்தால் ஃபீடு ஓவர்ரைடு, அதாவது ஃபீடை (டூல் நகரும் வேகத்தை) ப்ரோக்ராமில் உள்ளதைவிடக் கூட்டிக் குறைக்கும் குமிழ், 120 சதவீதத்தில் நிற்கிறது.

நான் ப்ரோக்ராமைத் திறக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு காலை ஷிஃப்ட் முழுக்க மிஷின் பக்கத்திலேயே நின்றேன்.

ஒரு ஜாபின் கடைசி பீஸ் 9.40-க்கு இறங்கியது. அடுத்த ஜாபின் முதல் நல்ல பீஸ் கைக்கு வந்தபோது மணி 11.30. நடுவில் 110 நிமிடம். டிராயிங் ஆபீஸில் இருந்தது. சாஃப்ட் ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை, ஜாபுக்கு ஏற்ற அளவில் குடைந்துகொள்வது) பெஞ்சுக்கு அடியில் குவியலாகக் கிடந்தது. எது எந்த ஜாபுக்கு என்று குறியில்லாததால் புதிதாக ஒரு செட் குடைந்தார்கள். போரிங் பார் (துளையைக் குடையும் டூல்) பக்கத்து மிஷினில் மாட்டியிருந்தது. இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டு முனை) அலமாரியின் சாவி முதலாளியிடம், முதலாளி திருமங்கலத்தில் பேங்கில். முதல் பீஸ் அளவு பார்க்க வரிசையில் காத்திருந்தது. இவ்வளவு நேரமும் அந்தத் தம்பி ஒரு நிமிடம் உட்காரவில்லை, ஓடிக்கொண்டேதான் இருந்தார். உண்மையில் மிஷினில் கை வைத்துச் செய்த வேலை முப்பது நிமிடத்துக்கு மேல் இராது.

இப்போது அந்த 120-க்கு வருவோம். ப்ரோக்ராமில் ஃபீடு ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ., ஓடுவது 0.24. பீஸுக்கு 25 விநாடி மிச்சம். 80 பீஸுக்கு 33 நிமிடம். ஆனால் ஃபினிஷ் என்ன ஆகிறது? ஃபீடை அதே ஃபீடால் பெருக்கி, இன்சர்ட் மூக்கு ரேடியஸின் 8 மடங்கால் வகுத்தால் பீஸின் மேல் விழும் கோட்டின் உயரம் வரும். சி.என்.எம்.ஜி. 120408 இன்சர்ட்டில் கடைசி 08 என்பது 0.8 மி.மீ. ரேடியஸ். 0.2-க்கு 6.25 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும். 0.24-க்கு அதுவே 9 மைக்ரான். அந்தக் கோட்டை மறைக்க, கதவு திறந்தால் மிஷினை நிறுத்தும் ஸ்விட்சைக் கட்டிவைத்துவிட்டு, சுற்றும் பீஸில் எமரி தாளைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பீஸுக்கு 40 விநாடி அதற்கே போனது. நேரம் போவதைக்கூட விடுங்கள். எமரி சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும். தயவுசெய்து எந்தப் பட்டறையிலும் இதை அனுமதிக்காதீர்கள்.

கட்டிங் ஸ்பீடுக்கும் (சுற்றும் பீஸ் டூலைக் கடக்கும் வேகம்) இதே கதைதான். கார்பைடு இன்சர்ட்டில் வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

1969-இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றுக்கு டை (அச்சு) மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் அதை முதலில் 90 நிமிடமாக்கி, பிறகு 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். மிஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்பவை எவை, ஓடும்போதே செய்து வைக்கக்கூடியவை எவை என்று பிரித்துப் பார்த்ததுதான் அதற்கு அடிப்படை. நாங்களும் அதைத்தான் செய்தோம். ஜாக்களில் ஜாப் நம்பரைப் பஞ்ச் அடித்தோம். முந்தைய ஜாபில் பத்துப் பீஸ் பாக்கி இருக்கும்போதே அடுத்ததற்கான ஜா, டூல், எலன் கீ, கேஜ் (அளக்கும் கருவி), டிராயிங் எல்லாம் ஒரு தள்ளுவண்டியில் மிஷின் பக்கத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. அலமாரிச் சாவி, ஜாபுக்கு மிஷினைத் தயார் செய்யும் செட்டர் கைக்குப் போனது. ஓவர்ரைடு 100-க்கு இறங்கியது, எமரியும் நின்றது. ஒரு மாதத்தில் ஜாப் மாற்றம் 35 நிமிடத்துக்கு வந்தது. மூன்றாவது மிஷின் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, கத்திரி வெயில். தகரக் கூரைக்குக் கீழே, வெட்டிய சூட்டோடு 60 மி.மீ. ஷாஃப்டை அளந்தால், கேஜைவிட அது 20 டிகிரி சூடாக இருக்கும் பட்சத்தில், 14 மைக்ரான் வரை கூடுதலாகக் காட்டும். அந்த அளவுக்கு எச்6 என்ற தரத்தின் டாலரன்ஸே (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) மொத்தம் 19 மைக்ரான்தான். சூட்டில் காட்டிய அளவை நம்பி ஆஃப்செட்டை (மிஷினில் டூலுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தம்) குறைத்தால், சாயங்காலம் ஆறிய பிறகு பீஸ் அளவு குறைந்து கிடக்கும். பீஸும் கேஜும் ஒரே பலகையில் கொஞ்ச நேரம் இருக்கட்டும், பிறகு அளக்கலாம்.

இன்னொன்று கூலண்ட், வெட்டும் இடத்தைக் குளிர்விக்க ஊற்றும் எண்ணெய் கலந்த தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்ததற்கு வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்பினால் எண்ணெய் நீர்த்துப்போய் பீஸ் துருப்பிடிக்கும், இன்சர்ட் சீக்கிரம் மழுங்கும். ஆர்.ஓ. தண்ணீர் கிடைத்தால் நல்லது. தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை அல்ல. கேனில் போட்டிருக்கும் சதவீதம் தொட்டியில் இருக்கிறதா என்று திங்கட்கிழமை காலையில் ரிஃப்ராக்டோமீட்டரில் (எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் கருவி) ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அதே நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கண்ணாடியில் தெரியும் அளவை அந்த எண்ணெய்க்குரிய காரணியால் பெருக்கினால்தான் சரியான சதவீதம் வரும். அந்தக் காரணியைச் சப்ளையரிடம் கேட்டுத் தொட்டியின் மேலேயே பெயிண்டில் எழுதிவிடுங்கள்.