டம்மி டக் செய்தும் வயிறு தளர்வது ஏன்?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "டம்மி டக் செய்து எட்டு மாதம் ஆகிறது. முதலில் விறைப்பாக இருந்த வயிறு மறுபடி தொளதொளவென்று ஆகிவிட்டதே, ஏன்?"

டம்மி டக் என்னும் இந்த வயிறு இறுக்கும் அறுவையில் தொப்புளுக்குக் கீழுள்ள உபரித் தோலையும் கொழுப்பையும் எடுத்துவிட்டு, மேலிருக்கும் தோலை இழுத்துத் தைக்கிறார்கள். பிரசவத்தில் விலகிய இரண்டு வயிற்றுத் தசைகளையும் நடுக்கோட்டில் சேர்த்துத் தைப்பார்கள். ஆரம்ப விறைப்பில் பெரும்பங்கு வீக்கம்தான்; அது சில மாதங்களில் வடியும். மீதிக் கதை தோலுக்குள் இருக்கிறது.

தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் நார்கள் நெளிநெளியாகப் பின்னிக் கிடக்கின்றன. இழுத்தால் முதலில் நெளிவு நிமிரும். அதுவரை தோல் சுலபமாக நீளும். நார்கள் நிமிர்ந்ததும் சட்டென்று விறைக்கும். ஏறக்குறைய அந்த நிலையில்தான் தையல் விழுகிறது. அந்த இழுவிசையிலேயே தோல் நின்றால், நார்கள் ஒன்றையொன்று உரசி மெல்ல நழுவுகின்றன. இடையிலுள்ள நீர் பிதுங்கி விலகுகிறது. நீளம் மாறாமலே இழுவிசை இறங்குகிறது! இது தையல் போட்ட நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். புதிதாகப் பின்னிய கயிற்றுக்கட்டில் படுக்கப் படுக்கத் தொய்வதைப் போலத்தான். தொய்ந்ததை மீட்பது எலாஸ்டின் நாரின் வேலை. ஆனால் வளர்ந்தபின் உடல் எலாஸ்டினைப் புதிதாக அநேகமாகச் செய்வதில்லை. பிரசவக் கோடுகள் விழுந்த இடத்தில் அந்தப் பின்னலே அறுந்திருக்கிறது. அதனால்தான் தொப்புளுக்கு மேலும் கோடுகள் உள்ளவர்களுக்கும், 30, 40 கிலோ எடை குறைத்தவர்களுக்கும் தளர்வு அதிகம் திரும்புகிறது. இதற்கெல்லாம் மருத்துவரின் கையைக் குறை சொல்வது நியாயமில்லை.

எது தளர்ந்தது என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நின்றபடி முன்னால் குனியுங்கள். இரு விரலில் பிடிபடும் மடிப்பு தொங்கினால் அது தோல். மல்லாந்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலே நடுவில் விரல்கள் பள்ளத்தில் இறங்கினால் தசைத்தையல் விட்டிருக்கலாம். படுத்தும் வயிறு விலா எலும்பு மட்டத்துக்கு மேலே உருண்டே நின்றால், குடலைச் சுற்றிய கொழுப்பு. அதை இந்த அறுவை தொடுவதே இல்லை. எடை குறைப்பதுதான் வழி.

தசைத்தையல் விடுவதற்கு முக்கியக் காரணம் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம். தண்ணீர் நிரம்பிய 15 லிட்டர் குடம் ஏறத்தாழ 15 கிலோ. முதல் ஆறு வாரம் அதைத் தூக்கவே கூடாது. மலச்சிக்கலும் விடாத இருமலும் அதே கெடுதலைச் செய்யும். உடனே வைத்தியம் பாருங்கள். அறுவைக்குப் பின் வயிற்றில் இறுக்கிக் கட்டும் பெல்ட்டை வேலூர் வெயிலில் போட்டால் வேர்க்குரு வரும் என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டு, இரண்டு பெல்ட்டை மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். பெல்ட் வீக்கத்தைத்தான் அடக்கும். பழைய புடவையால் வயிற்றைக் கட்டினால் விலகிய தசை ஒட்டிவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

கொலாஜன் கிரீம்களுக்குக் காசு கொடுப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகால் சொல்வார்கள். 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு தோலைத் தாண்டுவதே அரிது. கொலாஜன் சுமார் 3 லட்சம் டால்டன்.

திருத்த அறுவைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுக்கச் சொல்வது தழும்பு முதிர்வதற்காக. தோல் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தால், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து எடுத்துவிடலாம். பக்கவாட்டுத் தளர்வுக்கு நெட்டுவாக்கில் இன்னொரு தழும்பை ஏற்க வேண்டியிருக்கும். அழுத்தினால் தண்ணீர் அசைவது போல் தெரிந்தாலோ, இருமும்போது ஓரிடம் புடைத்தாலோ காத்திருக்காதீர்கள். முன்னது நீர் கோர்த்தது, பின்னது குடலிறக்கமாக இருக்கலாம், ஸ்கேனில் தெரிந்துவிடும்.