'ரீஃபர்பிஷ்டு': மெருகிட்டதா, செப்பனிட்டதா?

நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் சென்டர். தக்கலையிலிருந்து வந்திருந்த என் சித்தி கவுண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். போன் வாங்கி எட்டு மாதம்தான். திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. பன்னிரண்டு நாள் கழித்து வரச்சொல்லி, வேறொரு போனை எடுத்து நீட்டினார்கள். படம் எதுவும் அச்சிடாத வெறும் அட்டைப்பெட்டி. சார்ஜரும் இல்லை, கேபிளும் இல்லை.

"இது புதுசுதானா மக்களே?"

"ரீப்ளேஸ்மென்ட் பீஸும்மா. புதுசு மாதிரிதான்."

"மாதிரின்னா?"

பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "ரீஃபர்பிஷ்டா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றான். பொய் சொல்லவில்லை. ஆனால் வாரண்டி அட்டையின் பொடி எழுத்து வாசகத்தை அவன் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

முதலில் அந்தச் சொல். 'ஃபர்பிஷ்' என்பது பழைய பிரெஞ்சின் 'ஃபோர்பிர்' என்ற வினையிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குப் போனது. அதற்கும் பின்னால் ஒரு ஜெர்மானிய வேர் இருக்கிறது. பொருள்: தேய்த்துத் துலக்குதல், மெருகேற்றுதல். வாளுக்கும் கவசத்துக்கும் துரு போக்கிப் பளபளப்பாக்குகிறவரை அந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள். ஆங்கிலேயரில் ஃப்ரோபிஷர் என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. அது அந்தத் தொழிலிலிருந்து வந்த பெயர். 'மறுபடியும்' என்ற பொருள் தரும் 'ரீ' 17ஆம் நூற்றாண்டில் முன்னால் ஒட்டிக்கொண்டது. ஆக, வேர்ப்பொருள் பார்த்தால் ரீஃபர்பிஷ்டு என்பது மறுமெருகு. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மெருகு என்றால் என்னவென்று நம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வடசேரியில் அது பரம்பரைத் தொழில். கறுத்துப்போன நகையைக் கொடுத்தால் துலக்கி மெருகிட்டுத் தருவார்கள். கொடுத்ததும் நம் நகை, திரும்பி வருவதும் நம் நகை. போன் கதையில் வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. அடுத்த வீட்டுக்காரியின் நகையை மெருகிட்டு நம் கழுத்தில் போட்டுவிட்டு, நம்முடையதை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். திரும்பக் கொடுத்த பழைய போன் கம்பெனியின் சொத்தாகிவிடும் என்பதும் வாரண்டி வாசகத்திலேயே இருக்கும். அந்தப் போனும் நாளைக்கு வேறொருவருக்கு 'ரீப்ளேஸ்மென்ட் பீஸ்' ஆகலாம்.

மெருகு என்ற வேர்ப்பொருள் இன்றைய வேலைக்குப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனியே முறையாகச் செய்தால், திரும்பி வந்த போனைப் பிரித்து, கெட்ட பாகத்தை மாற்றி, பெரும்பாலும் பேட்டரியும் மேலோடும் புதிதாகப் போட்டு, ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். வெறும் துலக்கல் அல்ல. பஜாரில் சில கடைகள் பழைய போனுக்குப் புது மேலோடு போட்டு விற்பதும் இதே பெயரில்தான். வண்டிக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பதுபோல. ஒரே சொல் இரண்டையும் மூடி நிற்கிறது. சித்திக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை.

அடுத்து 'வாரண்டி'. இது 'காப்பு' என்ற பொருளுடைய ஜெர்மானிய வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வடக்குப் பிரெஞ்சு வழக்கில் 'வ' ஒலி தங்கியது, நடுப் பிரெஞ்சில் அது 'க' ஒலியாகத் திரிந்தது. ஆங்கிலம் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டது: வாரண்டி, கேரண்டி. பிறப்பில் இரண்டும் ஒரே சொல். நம் கடைக்காரர்கள் இந்த இரட்டைக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டார்கள்: "கேரண்டின்னா மாத்தித் தருவோம், வாரண்டின்னா சர்வீஸ் மட்டும்தான்." மிக்ஸி வாங்கினாலும் பல்பு வாங்கினாலும் இந்த வசனம் உண்டு. போன் கம்பெனிகளோ மாற்றித் தருவதையும் வாரண்டிக்குள்ளேயே வைத்திருக்கின்றன. எதை மாற்றித் தருவோம் என்பதில்தான் சிக்கல். தமிழில் இரண்டுக்கும் உத்தரவாதம் என்கிறோம். அது வடசொல், 'உத்திரவாதம்' என்று எழுதுவது பிழை. பொறுப்புறுதி என்ற ஆக்கமும் உண்டு. பொறுப்பும் உறுதியும் ஒன்றாக இருப்பதால் எனக்கு அது பிடிக்கும், ஆனால் கவுண்டரில் சொன்னால் யாருக்கும் புரியாது.

இப்போது சித்தியின் கேள்விக்கு வருவோம். ஆப்பிள் கம்பெனியின் ஓராண்டு உத்தரவாத வாசகத்தை எடுத்துக்கொள்வோம். பழுதான கருவிக்குப் பதிலாகத் தரப்படும் கருவி புதிய பாகங்களாலோ, முன்பு பயன்படுத்திய பாகங்களாலோ, இரண்டும் கலந்தோ ஆனதாக இருக்கலாம். அந்தப் பாகங்கள் செயல்திறனிலும் நம்பகத்திலும் 'புதியதற்கு நிகரானவை' என்று அது சொல்கிறது. புதியது என்று சொல்லவில்லை. நிகர் என்கிறது.

பள்ளியில் உவம உருபுகளை மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். போல, புரைய, ஒப்ப என்று தொடங்கும் பட்டியலில் நேர, நிகர என்றும் வரும். தாமரை நிகர் முகம் என்றால் முகம் தாமரை இல்லை என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தாமரையாகவே இருந்தால் நிகர் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே கிடையாது. 'புதியதற்கு நிகர்' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அது புதியது என்று அவர் உறுதி சொல்லவில்லை என்றுதான் தமிழ் இலக்கணப்படி பொருள். கவுண்டர் பையன் சொன்ன 'மாதிரி'யும் அதே வேலையைத்தான் செய்தது.

இந்த 'நிகர்' நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 2016இல் ஆப்பிள் மீது வழக்குப் போட்டார்கள்: செப்பனிட்டுத் தந்த கருவி செயல்திறனிலும் நம்பகத்திலும் புதியதற்கு நிகர் ஆகாது என்பது வாதம். தவறேதும் செய்ததாக ஒப்புக்கொள்ளாமல், 9.5 கோடி டாலர் தருவதாக அந்தக் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. டென்மார்க்கில் 2011இல் ஐபோன் 4 வாங்கிய ஒருவருக்கு இப்படி மாற்றிக் கொடுத்தார்கள். 2016இல் அங்குள்ள நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதன் 39ஆம் பிரிவில், பொருளில் குறை இருப்பது உறுதியானால் மாவட்ட ஆணையம் இடக்கூடிய உத்தரவுகள் வரிசையாக இருக்கின்றன. குறையை நீக்கித் தரச்சொல்லலாம். அதே வகையைச் சேர்ந்த, குறையில்லாத 'புதிய பொருளை' மாற்றித் தரச்சொல்லலாம். விலையைத் திருப்பித் தரச்சொல்லலாம். அங்கே நிகர் இல்லை, மாதிரி இல்லை. புதிய பொருள் என்றே இருக்கிறது. ஆனால் அது ஆணையம் உத்தரவிடும்போதுதான். கவுண்டரில் நடப்பது அட்டையில் அச்சிட்ட ஒப்பந்தப்படி. இரண்டுக்கும் நடுவில் நாகர்கோவிலில் ஒரு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பச்சைக் கோட்டுக்காக அங்கே ஏறுவாரா என்று கேட்டதற்குச் சித்தி, "பேரன் கல்யாணம் வரைக்கும் இழுக்கும்" என்றார். பேரனுக்கு நாலு வயசு.

ஆக, மாற்றிக் கொடுக்கும் போன் புதிதா, செப்பனிட்டதா? இரண்டும் உண்டு, எது என்பது அவர்கள் கையிருப்பைப் பொறுத்தது. மாடல் சந்தைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தால் செப்பனிடத் திரும்பி வந்த போன்களே போதிய அளவு இருக்காது, அதனால் புதியது கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வாங்கிய சில நாளிலேயே செத்துப்போன போனுக்கு 'டிஓஏ' (டெட் ஆன் அரைவல், வரும்போதே செத்தது) என்று சான்று கொடுத்தால் கடையில் சீல் பிரிக்காத பெட்டியையே மாற்றித் தருவது வழக்கம். மாதங்கள் கடந்துவிட்டால் நிகரானதை எதிர்பார்க்கலாம். பல ஆண்ட்ராய்டு கம்பெனிகள் போனையே மாற்றுவதில்லை. உள்ளே போர்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடும்.

ஐபோனில் ஓர் அடையாளம் உண்டு. செட்டிங்ஸில் காட்டும் மாடல் எண்ணின் முதல் எழுத்து எம் என்றால் கடையில் விற்கப் புதிதாக வந்தது. எஃப் என்றால் செப்பனிட்டு விற்றது. என் என்றால் மாற்றாகத் தந்தது. பி என்றால் பெயர் பொறித்துத் தந்தது. 'என்' மட்டும் பார்த்தால் உள்ளே புதுப் பாகமா பழைய பாகமா என்று தெரியாது. ஐபோன் 15 முதல் பேட்டரி எப்போது தயாரானது, எத்தனை சுற்று சார்ஜ் ஆனது என்றும் காட்டுகிறது. மற்ற போன்களுக்கு இப்படிப் பொதுவான எழுத்துக் குறி இல்லை. எந்தப் போனானாலும் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனுக்குப் போன் மாறும் அடையாள எண்ணை, சர்வீஸ் சென்டர் தரும் புதிய ஜாப் ஷீட்டோடு (வேலைச் சீட்டு) ஒத்துப்பார்த்துவிட வேண்டும். பழைய பில்லில் இருப்பது திருப்பிக் கொடுத்த போனின் எண். ஜாப் ஷீட்டைத் தொலைத்தால், கையிலிருக்கும் போன் நம்முடையதுதான் என்று காட்ட ஒரு தாளும் இருக்காது.

தமிழில் என்ன சொல்வது? 'புதுப்பிக்கப்பட்ட' என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அதற்குள் 'புது' உட்கார்ந்திருக்கிறது. விற்பவருக்குத்தான் அது வசதி. இன்னொன்று, ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தால் காலம் கூடுகிறது. போனை மாற்றித் தந்தால் உத்தரவாதக் காலம் முதலிலிருந்து தொடங்காது. ஆப்பிள் வாசகப்படி, பழைய போனில் மிச்சமிருந்த காலம் அல்லது 90 நாள், இரண்டில் எது அதிகமோ அது. புதுப்பிக்கவே படாத ஒன்றுக்குப் புதுப்பித்தது என்று பெயர்!

'மறுசீரமைத்த' என்பது அரசுத் துறைகளை நினைவூட்டுகிறது. சித்தி சொல்லும் சொல் வேறு. போன் கெட்டுப்போனால் மேற்கே மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சில் "கேடாயிட்டு" என்பார்கள், சரிசெய்வது "நன்னாக்குறது". மலையாளத்தோடு ஒட்டிய வழக்கு. நன்றாக ஆக்குவது என்று பொருளும் நேராகவே இருக்கிறது. "அப்ப இது யாருக்கோ கேடாகி நன்னாக்கின போனு" என்று பஸ்ஸில் வரும்போது சித்தி சொன்னதுதான் நான் கேட்டதிலேயே சரியான விளக்கம். நெல்லைக்கு அப்பால் போனால் அது புரியாது என்பது ஒன்றுதான் குறை.

எழுத்துக்கு என் தேர்வு செப்பனிட்ட கைபேசி. செம்மை, செவ்வை என்ற குடும்பத்தைச் சேர்ந்தது செப்பம். கோணலை நேராக்குவது அதன் அடி. சாலையைச் செப்பனிட்டார்கள் என்று செய்தித்தாளில் இன்றும் வருகிறது. பழைய சாலை என்பதையோ வேலை நடந்தது என்பதையோ அந்தச் சொல் மறைப்பதில்லை. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் 'செப்பம் உடையவன்' என்பது நேர்மை உடையவனை. பழுது நீக்குவதற்கும் உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் ஒரே வேர்ச்சொல் அமைந்திருக்கிறது. அதைப் பெட்டிமேல் அச்சிட ஒரு கம்பெனி முன்வந்தால் நான் வாங்கத் தயார். விலை குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுதும்போது ஒரு கவனம்: செப்பன் + இடு, ஆகவே றன்னகரம். 'செப்பணிடு' என்று டண்ணகரம் போட்டுப் பலரும் எழுதுகிறார்கள். அணி எதுவும் அதில் கிடையாது.