ட்ரைக்கோடெர்மா: கொல்லியா, எதிர்ப்பூசணமா?

சோயா மொச்சையின் விதைநேர்த்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘ட்ரைக்கோடெர்மா’ என்ற பூசணத்தின் பெயர் அடிபடும். அதைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதுதான் கேள்வி. கிரேக்க மொழியில் ‘திரிக்ஸ்’ என்றால் முடி, ‘டெர்மா’ என்றால் தோல். 1794இல் பூசணவியலாளர் பெர்சூன் இந்தப் பெயரைச் சூட்டினார். கூடவே வரும் ‘விரிடி’ இலத்தீன் சொல். பச்சை என்று பொருள். வளர்ப்புத் தட்டில் முதலில் வெள்ளையாகப் படரும் இந்தப் பூசணம், வித்துகள் முதிர்ந்ததும் பச்சையாகிவிடும். சில வகைகளில் தேங்காய் மணம்கூட வீசும்.

‘முடித்தோல்’ என்று தமிழில் பெயர்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. அதன் தொழிலைச் சொல்லும் பெயர்தான் வேண்டும். அது ரைசோக்டோனியா போன்ற பிற பூசணங்களைத் தாக்கி உண்பதை 1932இல் வெயிண்ட்லிங் என்ற ஆய்வாளர் விவரித்தார். எதிரியின் இழையைத் தன் இழையால் சுற்றிப் பின்னி, அதன் சுவரை நொதிகளால் கரைத்து, உள்ளிருப்பதை உறிஞ்சிவிடுகிறது.

சோயாவுக்கு இது ஏன் தேவை என்பதைக் கரி அழுகல் நோய் காட்டிவிடும். நோயுற்ற தண்டின் அடிப்பட்டையை உரித்தால் கரித்தூள் தூவியதுபோல் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். மேக்ரோபோமினா என்ற பூசணத்தின் உறங்கு முடிச்சுகள் அவை. மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, வெயிலும் வறட்சியும் கூடும்போது வேரைத் தாக்கும். இலையில் தெளிக்கும் மருந்து அங்கே எட்டாது. கழுத்தழுகலும் நாற்றழுகலும்கூட மண்வழி வருபவைதான்.

வழக்கில் இதை ‘உயிர் உரம்’ என்பவர்கள் உண்டு. அது சரியல்ல, இது சத்துக்காக இடுவதில்லை. ‘உயிரியல் பூசணக்கொல்லி’ அச்சில் நிலைத்துவிட்ட பெயர். பிழையென்று சொல்ல முடியாது, ஆனால் ‘கொல்லி’ என்றதும் மருந்துப்பொடி நினைவுதான் வருகிறது. பொட்டலத்தை வெயிலில் போட்டுவைப்பதும், கார்பன்டசிம் என்ற வேதிப் பூசணக்கொல்லி கலந்த விதையிலேயே இதையும் கலப்பதும் அந்த நினைப்பால்தான். கார்பன்டசிம் இதையும் சேர்த்தே கொன்றுவிடும். ‘எதிர்ப்பூசணம்’ என்று சொல்லிப் பாருங்கள்: இதுவும் ஒரு பூசணம், உயிருள்ளது, ஈரமும் மட்கும் இருந்தால்தான் வளரும் என்பதெல்லாம் பெயரிலேயே அடங்கிவிடுகிறது. என் வாக்கு இதற்கே.

கிலோ விதைக்குப் பொதுவாக 4 முதல் 10 கிராம் வரை கலப்பார்கள். தொழுவுரத்தில் பெருக்கி மண்ணிலும் இடலாம். நோய் முற்றி வாடிய செடியை இது மீட்காது. காற்றில் பரவி இலையைப் பிடிக்கும் துரு நோய்க்கு, மண்ணில் இட்ட எதிர்ப்பூசணத்தை நம்பியிருக்கவும் முடியாது.