கட்டத்துக்குள் ஆட்களைப் போடுங்கள், சதவீதத்தை அல்ல

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரபேங்க் என்று டர்பனைச் சுற்றி வாழும் நம் பிள்ளைகள் பட்டப்படிப்பு ஆய்வுக்காக வினாத்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பார்க்க மகிழ்ச்சிதான். அந்தத் தாள்கள் அட்டவணையாகி என் மேசைக்கு வரும்போதுதான் தலைவலி. புள்ளியியல் ஆலோசனை என் தொழில். போன வாரம் ஒரு மாணவி கொண்டு வந்த அட்டவணையைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி என்னவோ அருமையான கேள்வி. தாத்தாவோ பாட்டியோ கூடவே வாழும் வீட்டுப் பிள்ளைகள் வாரயிறுதித் தமிழ் வகுப்புக்கு அதிகம் போகிறார்களா? இரண்டுமே ஆம், இல்லை என்று வகை பிரிக்கும் மாறிகள். இப்படி இரண்டு மாறிகளுக்கு இடையே தெரியும் தொடர்பு வெறும் தற்செயலா என்று பார்க்கத்தான் கை-வர்க்கச் சோதனை (chi-square) இருக்கிறது. நான்கு கட்டங்களில் 60, 40, 40, 60 என்று போட்டிருந்தாள். விடை 8. தற்செயல் அல்ல என்று கொள்ளத் தாண்ட வேண்டிய எல்லை 3.84. தொடர்பு உறுதி என்று முடிவு கட்டி, கோயில் மலருக்கு ஒரு கட்டுரையும் எழுதி வைத்துவிட்டாள்.

“இருநூறு பிள்ளைகளிடம் கேட்டாயா அம்மா?”

“இல்லை ஆன்ட்டி, இருபது பேர். இதெல்லாம் சதவீதம்.”

இருபது பேர்! பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் பத்தில் ஆறு பிள்ளைகள், இல்லாத வீடுகளில் பத்தில் நான்கு. 6, 4, 4, 6 என்று போட்டால் விடை 0.8. எல்லையின் பக்கத்தில்கூட வரவில்லை. கேட்கவே கேட்காத நூற்றெண்பது பேரை அழைத்து வந்து சாட்சி சொல்ல வைத்திருக்கிறாள்.

“விகிதம் மாறவில்லையே, விடை மட்டும் ஏன் மாற வேண்டும்?” என்று எல்லாருமே கேட்கிறார்கள். பொறுமையாகச் சொல்கிறேன். இந்தச் சோதனை விகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்த விகிதத்தை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்றும் பார்க்கிறது. பத்தில் ஆறு தற்செயலாக வந்துவிடலாம். ஆயிரத்தில் அறுநூறு அப்படி எளிதில் வராது. எல்லாக் கட்டங்களையும் பத்தால் பெருக்கினால் விடையும் பத்து மடங்காகும். அது கணக்கின் பிழை அன்று, அதன் வேலையே அதுதான். அறிக்கையில் சதவீதம் தாராளமாக எழுதுங்கள். வாசகருக்கு அதுதான் புரியும். சோதனைக்குள் மட்டும் வேண்டாம்.

இதே காரணத்தால்தான் பி-மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு) சிறியதாக வந்ததும் ‘வலுவான தொடர்பு’ என்று எழுதக் கூடாது. ஒரு குழுவில் 52 சதவீதமும் மற்றதில் 48 சதவீதமும் வகுப்புக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு நூறு பேர் என்றால் விடை 0.32, ஒன்றுமில்லை. குழுவுக்குப் பத்தாயிரம் பேர் என்றால் 32, பி-மதிப்பு பூஜ்யத்தை ஒட்டிவிடும். தொடர்பின் அளவைச் சொல்லும் கிராமரின் வி இரண்டிலும் 0.04தான். ஆகவே அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு தொல்லை. சாட்ஸ்வொர்த்தில் ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, மூன்று பேர் என்று எண்ணுகிறார்கள். அதே பாட்டி, அதே கார், ஒருவன் வகுப்புக்குப் போனால் மூவரும் போவார்கள். அது மூன்று சாட்சியா? வீட்டுக்கு ஒருவரை மட்டும் எடுங்கள். ஒருவரே இரண்டு கட்டங்களில் விழும்படி ‘பொருந்துவன அனைத்தையும் குறிக்கவும்’ என்று கேட்டுவிட்டு அந்தப் பதில்களை இந்தச் சோதனையில் போடாதீர்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் கேட்ட பிள்ளைகளையே ஆண்டுக் கடைசியிலும் கேட்டிருந்தால் அது ஜோடித் தரவு. 1947இல் மெக்நெமர் தந்த சோதனைக்குப் போங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை 5க்குக் குறையக் கூடாது என்பது பழைய நடைமுறை விதி. எதிர்பார்க்கப்படுவது என்றால் தொடர்பே இல்லாவிட்டால் அங்கே விழ வேண்டிய எண்ணிக்கை, நீங்கள் எண்ணி எழுதியது அல்ல. இவளுடைய அட்டவணையில் அது சரியாக 5. மயிரிழையில் தப்பியது. குறைந்தால் ஃபிஷரின் துல்லியச் சோதனை இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் இதை அட்டவணைக்கு அடியில் சிறிய எழுத்தில் சொல்லத்தான் செய்கிறது. அந்த அடிக்குறிப்பை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் ஆய்வேட்டில் ஒட்டுபவர்களை என்ன சொல்வது?

(வெட்கப்படத் தேவையில்லை. 1900இல் இந்தச் சோதனையைத் தந்த கார்ல் பியர்சனே நான்கு கட்ட அட்டவணைக்கு வரையற்ற பாகை, அதாவது மொத்தங்கள் மாறாமல் விருப்பம்போல் நிரப்பக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை, 3 என்றுதான் கொண்டார். அது 1தான் என்று 1922இல் ஃபிஷர் காட்டினார்.)

கெஞ்சிக் கேட்கிறேன், வினாத்தாளை அச்சடிப்பதற்கு முன்பே வந்து காட்டுங்கள். அதற்குள் தாள்கள் நிரம்பிவிட்டன என்றால், நிரப்பிய தாள்களையே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். சதவீத அட்டவணையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.